இசோகோ பெண்கள் தங்கள் மொழியையும் பண்பாட்டையும் காக்க ஏன் ஒன்றுகூடுகிறார்கள்?

இசோகோ மக்கள் நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில், ஒலே, ஒசோரோ போன்ற ஊர்களில் வாழ்கிறார்கள். உரோபோ, பெனின் நகரத்து எடோ மொழிகளுக்கு அவர்கள் மொழி நெருங்கிய உறவு. 1977-இல் முழு விவிலியமே அதில் வந்துவிட்டது. அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். அச்சில் இருந்தால் போதாது, பிள்ளைகள் வாயில் இருக்க வேண்டும். பள்ளியில் ஆங்கிலம், வாரி நகரத் தெருவில் பிட்ஜின் என்னும் கலப்பு ஆங்கிலம். நாட்டளவில் ஹௌசா, யொரூபா, இக்போ மூன்றுக்கும்தான் முதல் மரியாதை. வேலைக்காக லாகோசுக்கோ லண்டனுக்கோ போன குடும்பங்களில், பிள்ளைக்குத் தாய்மொழி புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

இங்கேதான் பெண்களின் பங்கு பெரிது. தெற்கு நைஜீரியாவில் ஊரின் மகள்கள் ஒரு குழுவாகவும், வாக்கப்பட்டு வந்த மனைவிகள் ஒரு குழுவாகவும் சேர்வது பழைய வழக்கம். சாவு, கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றிலும் பாட்டும் ஆட்டமும் அவர்கள் பொறுப்பு. மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, துருவி, சாக்கில் கட்டிப் பாரம் வைத்துப் புளிக்கவிட்டு, சலித்து, அகன்ற சட்டியில் வறுத்து ‘காரி’ என்னும் ரவை போன்ற உணவைச் செய்வதும் பெரும்பாலும் கூட்டு வேலைதான். அந்த நேரத்தில் கதை, விடுகதை, ஊர் வம்பு எல்லாம் ஓடும். பக்கத்தில் கிழங்கு உரிக்கும் சிறுமிக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடையாது என்பேன்.

வெளியூரில் அந்தச் சட்டி இல்லை. அதனால் அங்கே சங்கம் வைத்துக் கூடுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அந்தப் பேச்சு நடக்க ஓர் இடம் வேண்டுமே, அதற்காகத்தான்.