மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுவதை நர்ஸிடம் மறைக்கலாமா?

மறைக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் இருக்கும் மற்ற கேள்விகளை அப்புறம் பார்க்கலாம்.

பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சைக்கு நீங்கள் பயப்படவில்லை. போன முறை ஃபைலில் 'பைபோலார்' என்று பார்த்த நர்ஸ், பக்கத்தில் இருந்தவரிடம் "மென்டல் கேஸ், பார்த்துக்கோ" என்றாரே, அதற்குத்தான் பயப்படுகிறீர்கள். அவருக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பொது வார்டு நர்ஸ்கள் பலருக்கு மனநலப் பயிற்சி என்பது படிக்கும்போது போட்ட சில வாரப் போஸ்டிங்தான். அதன்பின் அவர்கள் கண்ணில் படுவது, நோய் முற்றி நடுராத்திரியில் நாலு பேர் பிடித்துக்கொண்டு வரும் நோயாளி. மருந்தால் சீராகி வேலைக்குப் போய்வரும் உங்களைப் போன்றவர்கள் அங்கே வருவது குறைவு, வந்தாலும் வாயைத் திறப்பதில்லை.

சரி, மறைத்தால் என்ன ஆகும்? அறுவையை ஒட்டிப் பட்டினி, வாந்தி, நீர்ச்சத்துக் குறைவு, போதாததற்கு வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி. இவை எல்லாமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடக்கூடியவை. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அளவு 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகலாம். கை உதறும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், வயிற்றுப்போக்கும் சேரும். அந்த நேரத்தில் உடனே லித்தியம் அளவைப் பார்க்க வேண்டும். மாத்திரை விஷயம் தெரியாத நர்ஸ், மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று விட்டுவிடுவார். பைபோலார் என்பது மட்டும் தெரிந்தவர், பழைய நோய் கிளம்பிவிட்டது என்பார். இரண்டிலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் வேண்டாம், நோய் திரும்பிவிடலாம். அறுவைக்கு முன்தினம் நிறுத்துவதா என்பதை மயக்க மருத்துவரும் உங்கள் மனநல மருத்துவரும் முடிவு செய்யட்டும்.

விரல் லேசாக நடுங்குவது பல வருடமாக இருப்பதுதானே? ரத்தத்தில் லித்தியம் அளவு சரியாக இருந்தால் அதை விடுங்கள். லித்தியம் சிறுநீரகத்தைக் கரைத்துவிடும் என்ற வீடியோவையும் விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும், தைராய்டும் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

அட்மிட் ஆகும்போது நீங்களே முந்திக்கொண்டு, "லித்தியம் சாப்பிடுகிறேன், நான்கு வருடமாகச் சீராக இருக்கிறேன். தள்ளாட்டம், குழறல் வந்தால் அளவைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் கணவரையும் இதையே சொல்லச் சொல்லுங்கள்.

கடைசி வரியில் ஏதோ சாதாரண விஷயம்போல எழுதியிருக்கிறீர்களே, வயிற்று வலிக்கு நீங்களாகவே இபுப்ரோஃபென் போடுவதாக! டைக்ளோஃபெனாக் செய்வதையேதான் அதுவும் செய்யும். நிறுத்திவிட்டு, இந்த வாரமே லித்தியம் அளவைப் பாருங்கள்.