சாம்பாரில் எவ்வளவு பருப்பு?

இறைச்சி, மீன், முட்டை எதுவும் சேர்க்காத வீடுகளில் புரதத்துக்கு என்ன வழி? வாசகர்களின் கேள்விகளுக்கு உணவியல் நிபுணர்களின் பதில்கள்.

கேள்வி: எனக்கு வயது 38, எடை 55 கிலோ. தினமும் சாம்பாரும் தயிரும் சாப்பிடுகிறேன். ஆனாலும் புரதம் போதவில்லை என்கிறார் டாக்டர். எப்படி? – வாசகி, கும்பகோணம்

பதில்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உங்களுக்கு 46 கிராம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இதைவிட அதிகம்.

நாலு பேர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு வேகப்போடும் துவரம் பருப்பு பெரும்பாலும் 60 கிராம்தான். ஆளுக்கு 15 கிராம் பருப்பு என்றால் புரதம் 3 கிராம். காலையில் மூன்று இட்லிக்கு 6, மதியம் 100 கிராம் அரிசிச் சோற்றில் 7, பொரியலில் 2, அரை டம்ளர் தயிரில் 3, இரண்டு வேளை காபிக்கான பாலில் 6, இரவு இரண்டு தோசைக்கு 5. எல்லாம் கூட்டினால் 32 வரும். 14 கிராம் துண்டு விழுகிறது. வயிறு நிறைந்துவிடுவதால் இது தெரிவதே இல்லை.

சரிக்கட்டுவது பெரிய வேலையில்லை. நாலு பேருக்கான பருப்பை 120 கிராமாக்குங்கள். உங்கள் பங்கில் 3 கிராம் கூடும். மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 8. இன்னொரு அரை டம்ளர் தயிரில் 3. கணக்கு நேராகிவிடும். கூடவே சோற்றில் ஒரு கரண்டியைக் குறையுங்கள், இல்லையென்றால் எடை ஏறும். அதனால் போகும் புரதம் ஒன்றரை கிராம்தான்.

சாம்பார் கெட்டியானால் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள் என்றால், கூடுதல் பருப்பைப் பருப்பு உசிலிக்குத் திருப்புங்கள். துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் சேர்த்து 100 கிராம், ஒரு மணி நேரம் ஊறட்டும். தண்ணீரை ஒட்ட வடித்து, மிளகாய், பெருங்காயம், உப்புடன் கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் 12 நிமிடம் வேகவையுங்கள். ஆறியபின் உதிர்த்து, வெந்த கொத்தவரங்காயோடு தாளித்துக் கிளறினால் ஆளுக்கு 5 கிராம் புரதம். அரைக்கும்போது தண்ணீர் விட்டால் உதிராமல் களி மாதிரி ஆகிவிடும். ஆவியில் வைக்காமல் நேரே வாணலியில் போட்டால் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பருப்பிலுள்ள புரதம் முழுமையானது இல்லை என்கிறார்களே? – வாசகர், மதுரை

பதில்: தனியாகச் சாப்பிட்டால் அப்படித்தான். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், பருப்பில் மெதியோனின் குறைவு, அரிசி கோதுமையில் லைசின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். பொங்கல், அடை, பருப்புச் சாதம் எல்லாவற்றிலும் இந்தச் சேர்க்கை இருக்கிறது. ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அன்றைய சாப்பாட்டுக்குள் வந்தால் போதும்.

கேள்வி: கொண்டைக்கடலை எட்டு விசில் விட்டும் கடக்கென்று இருக்கிறது. வெந்தாலும் வாயுத் தொல்லை. – வாசகி, கோவில்பட்டி

பதில்: முதல் சந்தேகம் போர்வெல் தண்ணீர் மேல். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கடலையின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிநீரையே பயன்படுத்திப் பாருங்கள். இரண்டாவது, சரக்கு பழசாக இருக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் மூட்டையில் கிடந்த கடலை எத்தனை விசிலுக்கும் மசியாது. புளியும் தக்காளியும் வெந்த பிறகே சேர வேண்டும், புளிப்பு வேகவிடாது. சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும்தான், ஆனால் பி1 வைட்டமின் அழிந்துபோகும்.

பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுவுக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். வெயில் காலத்தில் நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் நுரைத்து நாறும். பழக்கமில்லாத வயிற்றுக்கு முதல் வாரம் பாசிப்பயறு, பிறகு கால் கப் கடலை என்று ஏற்றிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மீல் மேக்கர் (சோயா உருண்டை) ஆண்களுக்கு ஆகாதா? – வாசகர், சேலம்

பதில்: வழக்கமாகச் சாப்பிடும் அளவில் ஆண்களின் ஹார்மோன் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. விலைக்கு இதைப்போலப் புரதம் தருவது வேறெதுவும் இல்லை: 100 கிராமுக்கு 52 கிராம். ஆனால் அது உலர்ந்த எடைக்கான கணக்கு. ஊறிப் பிழிந்த பிறகு எடை இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடும் என்பதால், தட்டிலிருக்கும் 100 கிராமில் 52 இருக்காது. ஆளுக்கு உலர்ந்த 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம் கிடைக்கும்.

உப்பு போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இன்னொருமுறை அலசிப் பிழியுங்கள். அந்தப் பச்சை வாடை அப்போதுதான் போகும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

கேள்வி: பயறு முளைகட்டினால் புரதம் கூடுமா? – வாசகி, வேலூர்

பதில்: கூடாது. தண்ணீர் ஏறுவதால் 100 கிராம் முளைப்பயறில் உலர்ந்த பயறைவிடக் குறைவாகவே இருக்கும். செரிமானம் எளிது, வைட்டமின் சி கிடைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, பல் இல்லை. ரசம் சோறுதான் இறங்குகிறது. – வாசகர், திருநெல்வேலி

பதில்: ரசத்தில் பருப்புத் தண்ணீர்தான் இருக்கிறது, பருப்பு இல்லை. அந்தச் சோற்றையே அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு போட்டுக் குழைய வேகவையுங்கள். ரசம் விட்டே சாப்பிடலாம். 30 கிராம் பருப்புக்கு 7 கிராம் புரதம் உண்டு. இரவில் பனீரைத் துருவி இட்லி உப்புமாவில் கலக்கலாம். 50 கிராம் பனீரில் 9 கிராம் இருக்கும். முதலில் கிரியேட்டினின் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பாலில் கலக்கும் சத்து பானம் போதாதா? – வாசகி, சென்னை

பதில்: டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். பல மால்ட் பானங்களில் சர்க்கரைதான் அதிகம். ஒரு வேளைக்குப் போடும் தூளில் புரதம் 2 கிராம் சுமார். அந்த டம்ளரில் மீதி 6 கிராம் பாலிலிருந்து வந்தது.