"சொக்குப்பொடி போட்டுவிட்டாள்" என்கிறார்கள். சொக்குதல் என்பது அவ்வளவு கெட்ட சொல்லா?

திருமணமாகிச் சில மாதங்களுக்குள்ளேயே புகுந்த வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டதாகவும், சொல்லின் உண்மையான பொருள் தெரிய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தனிக்குடித்தனம் பற்றியோ கணவரின் சம்பளம் பற்றியோ நீங்கள் வாய் திறந்த பிறகுதான் இது வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

சொக்குதல் என்றால் தன்வசம் இழந்து மயங்குதல். நாதஸ்வரத்தைக் கேட்டுச் சொக்கிப் போனேன் என்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் கண்ணைச் சொக்குகிறது என்கிறோம். சொக்கு என்பதற்கு அழகு என்ற பொருளும் உண்டு. நான் பிறந்த மதுரையில் சுந்தரேசுவரரைச் சொக்கர், சொக்கநாதர் என்றுதான் உரிமையோடு அழைப்போம். 1659 முதல் 1682 வரை ஆண்ட நாயக்க மன்னருக்கும் அந்தப் பெயரே. சொக்கத் தங்கம் என்னும்போது மாசற்றது என்று பொருள்படுகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், 108 கரணங்களை, அதாவது கையும் காலும் இணைந்த ஆடல் அசைவுகளை, உடைய சுத்த நிருத்தம் என்னும் தூய ஆடலைச் சொக்கம் என்று குறிக்கிறார். இவையெல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்பதை மொழியறிஞர்கள் சொல்லட்டும். இத்தனை நல்ல இடங்களில் புழங்கும் சொல், பெண்ணின் மேல் வீசப்படும்போது மட்டும் குற்றச்சாட்டாகிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று பாருங்கள். "அவன் சொக்கிப் போனான்" என்னும்போது எழுவாய் அவன். மயங்கியவன் அவன், மனமும் அவனுடையது. பொடி என்ற ஒன்று சேர்ந்தவுடன் வாக்கியம் "அவள் சொக்குப்பொடி போட்டாள்" என்றாகிறது. எழுவாய் அவளாகிவிடுகிறாள், அவன் பொடி தூவப்பட்ட வெறும் பொருளாகிவிடுகிறான். வளர்ந்த ஆண்மகன் தானே யோசித்து எடுத்த முடிவு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனைவி செய்த சூழ்ச்சியாக மாறிவிடுகிறது.

இதை ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. என் கணவர் கோயம்புத்தூருக்கு வேலையை மாற்றிக்கொள்ள முடிவு செய்தபோது, தேனிப் பக்கத்துச் சிற்றூரில் இருந்த அத்தையிடம் உறவினர் ஒருவர், "மருமகள் சோற்றில் மருந்து வைத்திருப்பாள், எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தார். பொடி என்றாலும் மருந்து என்றாலும் அவர்கள் மனத்தில் இருந்தது ஒன்றுதான். தாயின் மனம் நோகக் கூடாது என்று அவரும் மருந்து எடுப்பவரிடம் போகச் சம்மதித்தார். நானும் உடன் போனேன். அந்த மனிதர் பச்சிலைச் சாற்றைக் குடிக்கக் கொடுத்து, தொப்புளைச் சுற்றி அமுக்கி, வாந்தி எடுக்க வைத்தார். பிறகு பித்தளைக் கிண்ணத்தில் இருந்ததைத் தென்னங்குச்சியால் கிளறி, முடி சுற்றிய கருப்பு உருண்டை ஒன்றை ஓரமாகத் தள்ளி, "பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். அத்தை விம்மி அழுதார். அது நடிப்பு அன்று. மகன் விலகிப் போவதற்கு அன்பில்லாமை காரணமன்று, இந்த உருண்டைதான் காரணம் என்று நம்ப அவருக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. உண்ட உணவு இரைப்பையில் சில மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை என்று அங்கே சொல்வதற்கு எனக்கு இடமே இருக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகும் என் கணவரின் முடிவு மாறவில்லை. உடனே மருந்து வேர்விட்டிருக்கிறது, இன்னொரு முறை வர வேண்டும் என்று அந்த மனிதரிடமிருந்து செய்தி வந்தது.

மாமியார்களைத் தூற்றவே இதை எழுதுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அத்தையை நான் இன்றும் மதிக்கிறேன்; அவருடைய அச்சத்தைக் காசாக்கியவர்கள் மீதே என் கோபம். படித்தவர்கள் இதையெல்லாம் நம்புவதில்லை என்று இன்னும் சிலர் சொல்வார்கள். மருந்து வைத்தாள் என்று நம்பாத வீடுகளிலும் "எப்படியோ மயக்கிவிட்டாள்" என்ற பேச்சு தடையின்றி நடக்கிறது. பொடி இல்லாவிட்டாலும் வாக்கியத்தின் எழுவாய் அவளேதான்.

ஆகவே, சொக்குதல் கெட்ட சொல் அன்று. உங்கள் கணவர் உங்களிடம் சொக்கியிருந்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் இந்த விளக்கத்தை நீங்கள் போய் மாமியாரிடம் சொல்ல வேண்டாம். என் வீட்டில் பேச்சு அடங்கியது, என் கணவர் தம் தாயார் முன் உட்கார்ந்து, "வேலையை மாற்றியது நான் எடுத்த முடிவு, அவளைச் சொல்லாதீர்கள் அம்மா" என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான். உங்கள் வீட்டிலும் அதை அவரே சொல்ல வேண்டும்.