கல்லறையில் கசையடி வாங்கிய அரசர்

கேள்வி: பேராயர் தாமஸ் பெக்கெட்டின் கொலைக்காக, இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி அவருடைய கல்லறைக்கே போய்க் கசையடி வாங்கிக்கொண்டாராமே! அது உண்மையான மனவருத்தமா, ஊரை நம்பவைக்கப் போட்ட வேஷமா?

பதில்: வருத்தம் இருந்திருக்கும். ஆனால் தேதிகளைப் பாருங்கள். கேன்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே பெக்கெட் ஹென்றியின் ஆட்களால் வெட்டிக் கொல்லப்பட்டது 1170 டிசம்பர் 29. ஹென்றி கசையடி வாங்கியது 1174 ஜூலை 12. நடுவில் 1172-லேயே போப்பின் தூதர்கள் முன் சத்தியம் செய்து பாவமன்னிப்பும் பெற்றாகிவிட்டது. அப்புறம் எதற்கு இது?

1173-ல் போப் பெக்கெட்டைப் புனிதராக அறிவித்தார். கல்லறைக்குக் கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு ஹென்றியின் மனைவி எலினோரும் மகன்களும் கலகம் செய்தார்கள். பிரெஞ்சு அரசரும் ஸ்காட்லாந்து அரசர் வில்லியமும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். உயிரோடிருந்த பெக்கெட்டை நாடு கடந்து ஓடவைத்த ஹென்றி, செத்த பெக்கெட்டிடம் தோற்றுப்போயிருந்தார்.

ஊருக்கு வெளியிலேயே குதிரையை விட்டு இறங்கி, வெறுங்காலோடு நடந்தார். கல்லறை முன் விழுந்து அழுதார். முதுகைக் காட்டினார். ஆயர்கள் ஆளுக்கு ஐந்து அடி, எண்பதுக்கு மேற்பட்ட துறவிகள் ஆளுக்கு மூன்று அடி. ஓங்கி அடித்திருக்க மாட்டார்கள்தான். என்றாலும் எண்ணிக்கை இருநூறைத் தாண்டுகிறது! ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் அங்கேயே கிடந்தார். மறுநாள் காலை, வடக்கே ஆல்னிக்கில் ஸ்காட்லாந்து அரசர் பிடிபட்டார். புனிதர் மன்னித்துவிட்டார் என்று நாடே பேசியது. கொலைப்பழி சுமந்தவர் புனிதரின் அருள் பெற்றவர் ஆனார். சில மாதங்களில் கலகமும் அடங்கியது.

அவர் ஒன்றுமே விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெக்கெட்டின் சகோதரி மேரியை பார்க்கிங் (Barking) என்ற ஊரின் கன்னிமடத்துக்குத் தலைவியாக்கினார். குற்றம் செய்த குருமார்களை அரச நீதிமன்றத்தில் தண்டிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் பெரும்பாலும் கைவிட்டார். அவருக்கும் பெக்கெட்டுக்கும் இடையிலான மூல வழக்கே அதுதான், சின்ன விஷயமில்லை.

ஆனால், கொன்றவர்கள் என்ன ஆனார்கள்? நான்கு பிரபுக்கள், நாடறிந்த பெயர்கள். ஒருவரையும் அரசர் சிறையில் போடவில்லை. தவம் விதித்ததுகூட போப்தான். வருந்தியவர் முதலில் செய்திருக்க வேண்டியது இதையல்லவா? முதுகில் வாங்கிய அடியை இதற்கு ஈடாக என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அரசருக்காக பெக்கெட்டை எதிர்த்து நின்றவர்கள் இல்செஸ்டர் ரிச்சர்டும் ஜெஃப்ரி ரிடெலும். இருவரையும் பெக்கெட் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்திருந்தார். கசையடி முடிந்த மூன்றே மாதத்தில், 1174 அக்டோபரில், ஒருவர் வின்செஸ்டருக்கும் மற்றவர் ஈலிக்கும் ஆயராக அபிஷேகம் பெற்றார்கள்.