வாசகர் கேள்வி பதில்: ஒரே மைதானத்தில் பந்தும் ஓட்டமும்

கார்னர் அடிப்பவர் ஓடுதளத்தில் நின்று ஓடி வருகிறாரே, அந்தத் தளம் கெடாதா? (வாசகர், ரோஸ்ஹில்)

மூடாமல் விட்டால் கெடும். 400 மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர். அதற்குள் 105-க்கு 68 மீட்டர் கால்பந்துத் திடலைப் போட்டால், நான்கு மூலைகளும் வளைவுப் பகுதிக்குள் போய்விடும். மூலைக்கொடிக்கும் ஓடுதளத்தின் உள்விளிம்புக்கும் இடையே மிஞ்சுவது சுமார் ஒரு மீட்டர். நாலு எட்டு பின்வாங்கினாலே ஓடுதளம்தான். பூட்ஸின் அடிக்குமிழ்கள் செயற்கைப் பரப்பைக் கிழிக்கும். கிழிசல் வழியே நீர் இறங்கினால், பரப்பு அடியிலுள்ள தார்த்தளத்தை விட்டுக் கழன்று உப்பும்.

ஆகவே ஆட்டத்துக்கு முன் மூலைகளில் உள்விளிம்பின் 5 செ.மீ. உயர அலுமினியச் சட்டத்தைக் கழற்றி, செயற்கைப் புல் விரிப்புப் போட வேண்டும். வீரர்கள் ஓடுதளத்தைக் கடக்கும் இடத்திலும் ரப்பர் பாய் தேவை.

சட்டத்தைத் திரும்பப் பூட்டும்போதுதான் தவறு நேர்கிறது. கழற்றும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதுங்கள். ஒரு வளைவின் சட்டம் முழுதும் 1 செ.மீ. உள்ளே நகர்ந்தால் சுற்றின் நீளம் 3 செ.மீ. குறையும். விதிப்படி 4 செ.மீ. வரை கூடலாம், குறைய இடமே இல்லை. அப்படி ஓடிய சாதனை செல்லாது. எவ்வளவு உழைத்த பிள்ளையின் ஓட்டமாக இருந்தாலும்!

அஞ்சலை ஸ்டேடியத்தின் பெயர் யாருடையது? (வாசகி, கூட்லாண்ட்ஸ்)

1943-இல் நம் மொரீஷியஸின் பெல் வியூ ஹாரெல் கரும்புத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின்போது போலீசார் சுட்டதில் உயிரிழந்த அஞ்சலை குப்பனுடையது. அப்போது அவர் கர்ப்பிணி. 1992-இல் ஆப்பிரிக்கத் தடகள வாகையர் போட்டி இந்த ஸ்டேடியத்தில்தான் நடந்தது.

மழை விட்டபிறகும் முதல் லேனில் மட்டும் தண்ணீர் நிற்பதேன்? (வாசகர், திரியோலே)

ஓடுதளம் உள்பக்கமாக 1 சதவீதம் வரை சரிந்திருக்கும். எல்லா லேன் நீரும் முதல் லேனைத் தாண்டித்தான் வடிகாலில் விழ வேண்டும். வெட்டிய புல்லும், திடலுக்குத் தூவும் மணலும் அந்த வாயை அடைத்துவிடுகின்றன. புல்வெட்டும் இயந்திரத்தில் கூடை மாட்டுங்கள், புயல் காலத்துக்கு முன் வடிகாலைத் தோண்டி எடுங்கள். சுத்தம் செய்தும் தேங்கினால் தளம் அமுங்கியிருக்கிறது. தேங்கிய நீரின் ஓரத்தைச் சாக்கட்டியால் குறித்து வையுங்கள், ஒட்டுப்போட வருபவருக்கு அது போதும்.

சம்மட்டி எறிந்த குழிகளில் மறுநாள் கால்பந்து ஆட முடியுமா? (பயிற்சியாளர், வாக்வா)

முடியும், வெறுமனே மேலே மண் கொட்டி மிதித்து விட்டுவிடாமல் இருந்தால். ஆண்களுக்கான 7.26 கிலோ சம்மட்டிக் குண்டு விழுந்த இடத்தில் அடிமண் இறுகிவிடும், அங்கே புல்வேர் இறங்காது. குழியின் ஓரத்தில் கவைமுள்ளை (மண் கிளறும் பல் கருவி) சாய்த்துக் குத்தி, அடிமண்ணை நெம்பித் தூக்குங்கள். பிறகும் பள்ளமிருந்தால் மணல் கலந்த மண்ணை மட்டமாக நிரப்பி, காலால் அழுத்திப் பாருங்கள். கணுக்கால் மடங்குவது இந்த மாதிரி அரைகுறைக் குழிகளில்தான். பயிற்சிக்கான சம்மட்டி எறிதலை வெளித்திடலுக்கு மாற்றுவதே நல்லது. இதற்கு அஞ்சி திடல் முழுதும் செயற்கைப் புல் போட்டுவிடாதீர்கள். ஈட்டி குத்தி நிற்க இயற்கைப் புல் வேண்டும்.