கர்த்தர் மாடி கட்டச் சொன்னாரா?

கேள்வி: எங்களுடையது என் மாமனாரின் அப்பா 1958-ல் கட்டிய ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சாந்துச் சுவர். ஆனி ஆடிச் சாரலிலும் ஒழுகும், ஐப்பசி மழையிலும் ஒழுகும். மாமிக்கு மூட்டுவலி. கழிப்பறை இன்னும் வெளியேதான், மூன்று படி இறங்க வேண்டும். ஓட்டை மாற்றி, உள்ளேயே ஒரு பாத்ரூம் கட்டி, அடுக்களையைச் சரிசெய்தால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் புத்தாண்டு ஆராதனையில் என் கணவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஏசாயா 54:2 வந்தது: "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு." அடுத்த மாதம் ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு ஊழியக்காரர், எங்களை முன்பின் தெரியாதவர், "உங்களுக்கு மேல்வீடு ஒன்று தெரிகிறது" என்றார். அன்றிலிருந்து, ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டு மாடி எடுப்பதுதான் தேவசித்தம் என்று இவர் உறுதியாக இருக்கிறார். 18 லட்சம் லோன், பற்றாததற்கு என் நகை. வீடு மாமி பெயரில் இருக்கிறது. மஸ்கட்டில் இருக்கும் கொழுந்தனிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் பூச்சைக் கொத்திப் பார்த்தபோது ஜன்னல் மூலையில் ஒரு வெடிப்பு தெரிந்தது. "சாத்தான் தடுக்கிறான்" என்கிறார். எனக்கு மனதில் சமாதானமே இல்லை. இது ஆண்டவர் என்னோடு பேசுவதா, இல்லை என் அவிசுவாசமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஆண்டவருடைய சத்தமா, அவிசுவாசமா என்று இரண்டை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: உங்களுக்குக் கணக்குத் தெரியும். 18 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு 15 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 18,000 ரூபாயைத் தாண்டும். அடைத்து முடிக்கும்போது கையைவிட்டுப் போயிருப்பது ஏறக்குறைய 33 லட்சம். மாதக் கடைசியில் பால்காரருக்கும் மளிகைக்கும் எண்ணிக் கொடுக்கிறவருக்கு இதை நினைத்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசு (லூக்கா 14:28). ஆகவே கணக்குப் பார்த்ததற்காக உங்களை நீங்களே அவிசுவாசி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அதற்காக, சமாதானம் இல்லாததையே ஆண்டவர் தந்த பதிலாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். "மனதில் சமாதானம் இருந்தால் செய், இல்லாவிட்டால் விட்டுவிடு" என்று நம் சபைகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யோனாவைப் பாருங்கள். கர்த்தருடைய சமுகத்தைவிட்டு ஓடுகிற கப்பலில், அத்தனை புயலிலும், கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். கெத்செமனேயில் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவருக்கோ வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. கீழ்ப்படியாதவனுக்கு நல்ல தூக்கம், கீழ்ப்படிந்தவருக்கு வியாகுலம். உங்கள் கலக்கம் உங்கள் கணவரைத் தப்பு என்று நிரூபிக்காது. அவருடைய உறுதியும் அவரைச் சரி என்று நிரூபிக்காது.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வருடம் முழுவதும் ஒரு வசனத்தைத் தியானிக்க அது நல்ல பழக்கம்; கட்டட வரைபடமாக அதை எடுத்தால்தான் வம்பு. ஏசாயா 54 பிள்ளையற்ற பெண்ணாக உருவகப்படுத்தப்பட்ட எருசலேமுக்குச் சொன்ன ஆறுதல், வரப்போகிற ஜனங்களுக்கு இடம் உண்டாக்கச் சொன்னது. 1792 மே மாதம் நாட்டிங்ஹாமில் வில்லியம் கேரி பிரசங்கித்ததும் இதே பகுதியை வைத்துத்தான். செருப்புத் தைத்த மனிதர் அவர். அந்த வருடமே பாப்டிஸ்ட் மிஷன் சங்கம் உருவானது. மறுவருடம் கேரி குடும்பத்தோடு வங்காளத்துக்குக் கப்பலேறினார். கூடாரத்தை விசாலமாக்கு என்ற வசனம் அவரை இருந்த வீட்டைவிட்டே கிளப்பிவிட்டது! இல்லை, இதை எங்கள் வீட்டுக்குத்தான் எடுத்துக்கொள்வேன் என்று உங்கள் கணவர் சொன்னால், வசனத்தை முழுவதுமாக எடுக்கச் சொல்லுங்கள். அட்டையில் பெரும்பாலும் முதல் வரிதான் அச்சாகும். அதே வசனம் முடிவது "உன் முளைகளை உறுதிப்படுத்து" என்று. கூடாரம் பெரிதானால் முளையை இன்னும் ஆழமாக அடிக்க வேண்டுமே.

இனி அந்த ஊழியக்காரர். அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தில் அவர் காணிக்கை கேட்டதாகவோ மிரட்டியதாகவோ இல்லை. ஆனால் 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் அங்கேயும் பேச்சு கட்டடத்தைப் பற்றித்தான். தாவீது கேதுருமர வீட்டில் இருக்கிறான். தேவனுடைய பெட்டியோ திரைகளுக்குள் இருக்கிறது. அவனுக்கு மனது கேட்கவில்லை. அதற்கு ஓர் ஆலயம் கட்டும் ஆசையை நாத்தானிடம் சொல்கிறான். நாத்தான் யார்? பின்னொரு நாளில் ராஜாவின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்று சொல்லப்போகிற அசல் தீர்க்கதரிசி. அந்த நாத்தான், "உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறாரே" என்று உடனே சொல்லிவிட்டான். நல்ல காரியம், நல்ல ராஜா, பக்தியுள்ள ஆசை. இதற்கு ஜெபம் எதற்கு என்று நினைத்திருப்பான். அன்று இராத்திரியே கர்த்தருடைய வார்த்தை வந்தது: நீ கட்ட வேண்டாம், உன் குமாரன் கட்டுவான்.

நான் வியப்பது மறுநாள் நடந்ததைத்தான். நாத்தான் நேற்றுச் சொன்னதை விழுங்கிவிடவில்லை. போய், இராத்திரி கேட்டதை எல்லாம் அப்படியே ராஜாவிடம் சொன்னான். தாவீதும், "நேற்று ஆகட்டும் என்றீரே, இன்று என்ன?" என்று சண்டை போடவில்லை. உள்ளே போய்க் கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் பண்ணினான். உண்மையான தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்ததாலேயே ஒரு வார்த்தை கர்த்தருடையதாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக வேதம் எங்கும் காட்டவில்லை என்று நினைக்கிறேன். கர்த்தருடைய சத்தத்தைக் கேட்டுப் பழகினவர்களுக்குத் திருத்தப்படுவது அவமானமாகத் தெரியவில்லை என்பதும் இங்கே தெரிகிறது. தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று எழுதிய பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றான் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). உங்கள் கணவரே அந்த ஊழியக்காரருக்குப் போன் செய்யட்டும். "ஐயா, சுவரில் வெடிப்பு இருக்கிறது, வீடு அம்மா பெயரில் இருக்கிறது, தம்பிக்கு இன்னும் தெரியாது; நீங்கள் சொன்னதைச் சோதித்துப் பார்க்கிறோம், எங்களுக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லட்டும். அவர் சந்தோஷப்பட்டால் நல்ல ஊழியக்காரர். கோபப்பட்டால் அதிலும் உங்களுக்கு ஒரு விடை கிடைத்துவிடும்.

அடுத்தது வெடிப்பு. சகோதரி, வெடிப்பு முதலில் வெடிப்புதான். அதைச் சாத்தானின் கணக்கில் எழுதுவதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மாடி கட்டிக்கொடுக்கப் போகிற கான்ட்ராக்டரிடமே "தாங்குமா?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, தாங்கும் என்றுதான் சொல்வார். சாதாரணக் கணக்கு ஒன்று சொல்கிறேன். 600 சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட்டால் அந்தத் தளம் மட்டுமே 17 டன்னுக்கு மேல். மாடிச் சுவர், அதற்கு மேல் இன்னொரு கூரை, ஆட்கள், கட்டில், பீரோ எல்லாம் தனி. ஓடும் உத்திரமும் கழுக்கோலும் (சாய்வுச் சட்டம்) பட்டியலும் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) சேர்ந்தாலும் அந்தத் தளத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வராது. 1958-ல் அஸ்திவாரம் தோண்டினவர்கள் அந்த ஓட்டின் பாரத்தை மனதில் வைத்துத்தான் தோண்டியிருப்பார்கள்.

பூச்சில் மட்டும் மயிரிழையாய் ஓடுகிற வெடிப்பென்றால் பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, கல் இணைப்புகள் வழியே படிபடியாக இறங்கினால், ஒரு பக்கம் அஸ்திவாரம் அமர்ந்திருக்கலாம். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று அர்த்தம். இன்னொன்று: கொத்திய இடத்தைச் சிமென்ட் வைத்து அவசரமாகப் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கம் இன்னும் சிலர் இருப்பார்கள், தேடிப்பிடியுங்கள்.

"இப்படியெல்லாம் சோதிப்பது விசுவாசக் குறைவு" என்று உங்கள் கணவர் சொன்னால் நெகேமியா 2-ஐக் காட்டுங்கள். எருசலேமுக்காகச் செய்ய வேண்டியதைத் தன் தேவன் தன் மனதில் வைத்தார் என்று அவனே எழுதுகிறான். அவ்வளவு நிச்சயம். ராஜாவின் கடிதம் வேறு கையில் இருக்கிறது. ஊருக்கு வந்து மூன்று நாள் ஆனபின் அவன் செய்தது என்ன? இராத்திரியில் எழுந்து, சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், இடிந்த அலங்கத்தை, அதாவது நகர மதிலை, சுற்றிப் பார்த்தான். ஓரிடத்தில் அவன் ஏறியிருந்த மிருகம் போகக்கூட வழியில்லை என்பதுவரை எழுதிவைத்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் "எருசலேமின் அலங்கத்தைக் கட்டுவோம் வாருங்கள்" என்றான். சன்பல்லாத்தும் தொபியாவும் பரியாசம் பண்ணியது உண்மையான எதிர்ப்பு. இடிந்து கிடந்த கல்லை அவன் எதிரியாக எண்ணவில்லை.

பணத்துக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான்: வீடு மாமி பெயரில், கொழுந்தனுக்குத் தெரியாது, நகை உங்களுடையது. அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸின் கதையை நம் கத்தோலிக்க நண்பர்கள் நன்றாகச் சொல்வார்கள். 1205 வாக்கில், சான் தமியானோ என்ற பாழடைந்த சிறு கோவிலில் ஜெபித்துக்கொண்டிருந்த பிரான்சிஸுக்குச் சிலுவையிலிருந்து ஒரு குரல்: இடிந்துகொண்டிருக்கும் என் வீட்டைச் செப்பனிடு. அவர் ஓடிப்போய், துணி வியாபாரியான அப்பாவின் கடையிலிருந்து துணிகளை எடுத்து, ஃபொலிஞ்ஞோ சந்தையில் குதிரையோடு விற்று, பணத்தைக் கொண்டுவந்தார். அந்தக் கோவிலின் குருவானவர் வாங்க மறுத்துவிட்டார். விவகாரம் பிஷப் வரைக்கும் போனது. பிஷப் முன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் பிரான்சிஸ். அதன் பிறகு தெருத்தெருவாகக் கல் பிச்சையெடுத்துத் தன் கையாலேயே அந்தக் கோவிலைக் கட்டி முடித்தார். அழைப்பு உண்மைதான் என்று சபை இன்றைக்கும் சொல்கிறது. இருந்தும் அப்பாவின் துணி அப்பாவுடையதாகவே இருந்தது. ஆகவே உங்கள் கணவர் கேட்ட சத்தம் நூற்றுக்கு நூறு உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அம்மாவிடமும் தம்பியிடமும் கேட்காமல் இருக்க அது அனுமதி தராது. பட்டா மாமி பெயரில் இருக்கும்போது அவர் கையெழுத்தில்லாமல் வங்கியும் அசையாது. நகை விஷயத்தில் நீங்கள் "இப்போது வேண்டாம்" என்று தன்மையாக, தெளிவாகச் சொல்லலாம். அதில் கீழ்ப்படியாமை ஒன்றும் இல்லை.

வீடு கட்டுவதைப் பற்றி ஆண்டவர் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார், நாம்தான் புதிதாக ஒன்று கேட்கக் காத்திருக்கிறோம். உபாகமம் 22:8-ஐ எடுத்துப் பாருங்கள்: புது வீடு கட்டினால் மெத்தையிலிருந்து (மொட்டைமாடியிலிருந்து) யாரும் விழுந்துவிடாதபடி கைப்பிடிச்சுவர் கட்டு, இல்லாவிட்டால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும். எத்தனை மாடி என்று அவர் சொல்லவில்லை, யாரும் விழக்கூடாது என்று சொன்னார். உங்கள் வீட்டில் இன்று விழக்கூடிய ஆள் மாமி. மழை இரவில், மூட்டுவலியோடு, மூன்று படி. இதற்கு அட்டையும் வேண்டாம், தரிசனமும் வேண்டாம். உள்ளே பாத்ரூமை இந்த மாதமே ஆரம்பிக்கலாம்: வாசலில் படி இல்லாமல், வழுக்காத டைல்ஸ், உட்கார்ந்து எழும்ப வெஸ்டர்ன் க்ளோசெட், பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு ஸ்டீல் கம்பி, மூன்றடி அகலக் கதவு. நாளை வாக்கர் வைத்து நடக்க நேர்ந்தாலும் அந்தக் கதவு போதும். வேலைக்கு வருகிறவர்கள் உங்கள் ஊர்க்காரர்களானாலும் ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்களானாலும் சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே போகட்டும். கூலி கொடாமல் மேலறைகளைக் கட்டுகிறவனுக்கு ஐயோ என்கிறது எரேமியா 22.

கணவரிடம் "நீங்கள் கேட்டது கர்த்தருடைய சத்தம் இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் சொன்னால் அவருடைய பக்தியையே தொட்டுவிட்டதுபோல் ஆகி, பேச்சு அன்றோடு நின்றுவிடும். "கர்த்தர் சொன்னதாகவே இருக்கட்டும், எப்போது என்றும் எப்படி என்றும் சேர்ந்து விசாரிப்போம்" என்று ஆரம்பியுங்கள். அட்டை வந்தது ஜனவரியில். இந்த வருடமே முடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. மாமியோடு உட்கார்ந்து, கொழுந்தனை வீடியோ காலில் சேர்த்துக்கொண்டு ஒருமுறை பேசுங்கள். உங்கள் போதகரையும் கூப்பிடலாம், அவர் கட்டட விஷயத்தில் கருத்துச் சொல்லாமல் இருந்தால்.

இதையெல்லாம் செய்தபின், அஸ்திவாரம் தாங்கும், அல்லது புதிதாகத் தூண் நிறுத்தி எடுக்கலாம் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுக்கிறார், அம்மாவும் தம்பியும் மனதோடு சம்மதிக்கிறார்கள், தவணை உங்கள் கைக்குள் நிற்கிறது, திட்ட அனுமதியும் கிடைக்கிறது என்றால், மாடி கட்டுவதில் பாவம் எதுவும் இல்லை. அப்போது நீங்களும் முழு மனதோடு சேர்ந்துகொள்ளுங்கள். தாங்காது என்று வந்தால், நல்ல உத்திரங்களை வைத்துக்கொண்டு, உளுத்த கழுக்கோல்களையும் ஓட்டையும் மட்டும் மாற்றுங்கள். எந்தப் பக்கம் முடிவானாலும், இன்ஜினியர் எழுதித் தரும்வரை கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.