மூட்டுத் தேய்மானம் வந்த நாய்க்கு எந்தச் சப்ளிமென்ட்?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஒன்பது வயது, எடை 36 கிலோ. காலையில் எழத் தடுமாறுகிறது, மாடிப்படி ஏறத் தயங்குகிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், இடுப்பு மூட்டில் தேய்மானம் தொடங்கிவிட்டது, எடையை 30 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள் என்றார். கடையில் குளுக்கோசமைன் மாத்திரை, கொலாஜன் பவுடர், கால்சியம் டானிக் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? நாங்கள் சாப்பிடும் மீன் எண்ணெய் கேப்சூலையே கொடுக்கலாமா?

பதில்: கால்சியம் டானிக் வேண்டாம். வாங்கிவிட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். தேய்ந்திருப்பது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. அதற்குக் கால்சியத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முழுமையான நாய் உணவு சாப்பிடும் நாய்க்கு வேண்டிய கால்சியம் அதிலேயே இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்றால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். குட்டியை விற்றவரும் குளிப்பாட்ட வருபவரும் சொல்வதைக் கேட்டு ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு இந்த டானிக்கை ஊற்றி வளர்ப்பது இன்னும் மோசம். அந்த வயதில் மிஞ்சிய கால்சியத்தைக் குடலால் தடுத்து நிறுத்த முடியாது, எலும்பு கோணலாக வளரும். பிற்பாடு அதே ஆள் மூட்டு மாத்திரையும் விற்பார்.

அடுத்தது எடை. மூன்று டப்பாவும் சேர்ந்து செய்யாததை இது செய்யும். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் நாய்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு இடுப்பு மூட்டுவாதம் தாமதமாகத்தான் வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாகவும் வாழ்ந்தன. தேய்மானம் வந்த பிறகு இளைத்தாலும் பலன் உண்டு: உடல் எடையில் 6 சதவீதம் இறங்கினாலே நொண்டல் குறைவது பதிவாகியிருக்கிறது. உங்கள் நாய்க்கு அது இரண்டு கிலோ சொச்சம்தான். வாரத்துக்கு 300 முதல் 400 கிராம் இறங்கினால் நான்கு மாதத்தில் 30 கிலோவுக்கு வந்துவிடலாம். சாப்பாட்டைக் கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். விலாவைத் தடவிப் பாருங்கள்: உங்கள் புறங்கையைத் தடவுவதுபோல எலும்பு தட்டுப்பட வேண்டும்.

இனி சப்ளிமென்ட். ஒன்றே ஒன்று வாங்குவதானால் மீன் எண்ணெய் வாங்குங்கள். நாய்களின் மூட்டு வலிக்கு ஓரளவு உருப்படியான ஆதாரம் இருப்பது ஒமேகா-3க்குத்தான். நீங்கள் சாப்பிடும் கேப்சூலையே கொடுக்கலாம், ஆனால் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். முகப்பில் பெரிதாக 'மீன் எண்ணெய் 1000 மி.கி.' என்றிருக்கும், அது எண்ணெயின் எடை. வேலை செய்வது அதிலுள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள்தான். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த இரண்டு எண்களையும் கூட்டுங்கள். சாதாரணக் கேப்சூலில் 180, 120 என்று மொத்தம் 300 மி.கி.தான் தேறும். அந்த எண்களே இல்லாத டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

30 கிலோ நாய்க்கு மூட்டுவாதத்துக்கென்று சொல்லப்படும் அளவு, இரண்டும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 4000 மி.கி. சாதாரணக் கேப்சூலில் அது பதின்மூன்று! 'தினம் ஒன்று போடுங்கள்' என்று விற்பவரின் பேச்சு எவ்வளவு வெறும் பேச்சு என்று இதிலேயே தெரியும். 600 மி.கி. தேறும் அடர் கேப்சூல் என்றால் ஆறேழு போதும். இந்த 4000 உச்சவரம்பை ஒட்டிய அளவு, அதனால் எடுத்த எடுப்பில் கொடுக்கக் கூடாது. 1000 மி.கி.யில் தொடங்கி வாரம் ஒருமுறை ஏற்றுங்கள். வயிறு இளகினால் முந்தைய அளவுக்கு இறங்கி அங்கேயே நில்லுங்கள். எதுவரை ஏற்றலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். எண்ணெய் என்றாலே கொழுப்பு: கிராமுக்கு 9 கலோரி. அதைச் சாப்பாட்டில் கழிக்காவிட்டால் இளைக்க வேண்டிய நாய் பருத்துவிடும்.

ஏமாறும் இடங்கள் மூன்று. மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. இந்த அளவுக்கு அதைக் கொடுத்தால் வைட்டமின் ஏ, டி இரண்டும் உடலில் மிஞ்சி நஞ்சாகும். ஆளிவிதை எண்ணெயிலுள்ள ஒமேகா-3 நாயின் உடலில் ஈபிஏவாக மாறுவது மிகச் சொற்பம். '3-6-9' கலவையில் 6ம் 9ம் வெறும் இட்டுநிரப்பல். வாங்கிய கேப்சூலில் ஒன்றை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். மீன் வாடை இருக்கலாம். பழைய பெயின்ட் போலக் காறினால் எண்ணெய் கெட்டுவிட்டது.

கணைய அழற்சி ஒருமுறையேனும் வந்த நாய்க்கு மேலே சொன்ன எண்ணெய்க் கணக்கு எதுவும் பொருந்தாது. 'ஒருமுறைதானே, லேசாகத்தானே' என்பார்கள். லேசானாலும் பொருந்தாது. கொழுப்பான கறி தின்றுவிட்டு விடாமல் வாந்தி எடுத்து, சாப்பாட்டைத் தொடாமல், முன்காலை நீட்டிப் பின்பகுதியைத் தூக்கியபடி நின்று, டிரிப்ஸ் ஏற்றியது உண்டா? பழைய மருத்துவச் சீட்டுகளைப் புரட்டுங்கள். அன்று 'வயிற்றுக் கோளாறு' என்று மட்டும் எழுதியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதலாக உள்ள நாய்க்கும், அது அடிக்கடி கூடும் மினியேச்சர் ஷ்னாசர் இனத்துக்கும் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். பாதி அளவு கொடுத்துப் பார்க்கலாமே என்ற யோசனையும் வேண்டாம்.

குளுக்கோசமைன், அதோடு சேர்த்தே விற்கப்படும் காண்ட்ராய்டின்: பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசி 2022இல் வெளிவந்த கட்டுரை, நாய்களின் வலியைக் குறைப்பதில் இந்த ஜோடி பயன்படவில்லை என்றே சொல்லிவிட்டது. ஆனாலும் கடை அலமாரியில் முதல் வரிசை அதற்குத்தான். மருந்து என்றால் வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட்டு விற்க வேண்டும். சப்ளிமென்ட் என்றால் அந்தத் தொல்லை இல்லை. 'மூட்டு ஆரோக்கியத்துக்குத் துணைபுரியும்' என்று அச்சிட்டால் போதும். எந்த மூட்டு, எத்தனை மில்லிகிராம் என்று எவரும் கேட்பதில்லை.

கொலாஜன் பவுடரும் அப்படித்தான், பெரும்பாலும் வயிற்றில் சாதாரணப் புரதமாகச் செரித்துவிடும். 'யூசி-2' என்ற சிதையாத இரண்டாம் வகை கொலாஜன் மட்டும் தனி ரகம்: நாளுக்கு 40 மி.கி., சூடான சாப்பாட்டில் கலக்கக் கூடாது, கலந்தால் சிதைந்துவிடும். மீன் எண்ணெய் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு இதை முயன்று பார்க்கலாம்.

மனிதர்களுக்கான மூட்டு கம்மி மிட்டாய், சுவையூட்டிய திரவம் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். அவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று சரிந்து நாய் சுருண்டு விழும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் எது கேட்டது, எது பேதியாக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. தொடங்கும் முன், காலையில் நாய் எழுவதைச் செல்போனில் படம் எடுங்கள்: முன்காலை ஊன்றிப் பின்பகுதியை இழுத்துத் தூக்குகிறதா, எத்தனை விநாடி ஆகிறது, முதல் பத்தடியில் பின்னங்கால் நகம் தரையில் உரசுகிறதா. வாராவாரம் அதே இடம், அதே நேரம். முழு அளவுக்கு வந்து எட்டு வாரம் கழித்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லையா, நிறுத்திவிடுங்கள்.

இடையில் நாய் நொண்டினாலோ, படியைத் தொடவே மறுத்தாலோ எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அது வலி, அதற்கு நாய்களுக்கென்றே உள்ள கார்ப்ரோஃபென், மெலாக்சிகம் போன்ற வலி மருந்துகளை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தருவார். அதுவரைக்கும் என்று வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்கில் பாதி உடைத்துப் போட்டுவிடாதீர்கள். வயிற்றில் புண், சிறுநீரகச் செயலிழப்பு என்று அது நாயின் உயிருக்கே உலைவைக்கலாம்.